மதிலுக்குக் கல் தந்த ஊர்

மழை பெய்தால் மன்னருக்கு நன்றி சொல்லியும், பொய்த்தால் முந்தைய மன்னரைத் திட்டியும் காலம் தள்ளிய தலைநகரம் ஒன்று இருந்தது. மன்னர் வச்சிரபாகுவுக்கு ஒருநாள் எதிரி வருவதாகக் கனவு வந்தது. எந்தத் திசையிலிருந்து என்று கனவில் தெரியவில்லை. ஆகவே நாலா பக்கமும் மதில் எழுப்ப ஆணையிட்டார்.

மலைக்கல் முழுவதும் அரசியாரின் அண்ணன் கட்டும் மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் ஊருக்குள் இருக்கும் கல்லையே பெயர்ப்பதென்று சபை முடிவு செய்தது.

முதலில் பள்ளிக்கூடம் போனது. "படித்தவன் கேள்வி கேட்பான், கல் கேட்காது" என்றார் மதில் அமைச்சர் இடும்பநாதர். பிறகு வைத்தியசாலை, ஏரி மதகு. போன போரில் செத்தவர்களின் நடுகற்களையும் பிடுங்கி அடித்தளத்தில் போட்டார்கள். "வீரர்கள் செத்தும் நாட்டைத் தாங்குகிறார்கள்" என்று அமைச்சர் கண்கலங்கினார். அவற்றில் ஒன்று ஒச்சம்மாளின் புருஷனுடையது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் அவள் வீட்டுக்கே கடப்பாரையோடு வந்து நின்றார்கள்.

"ஏஞ்சாமி, எதிரி வந்து வீட்டை இடிச்சிருவான்னுதான மதிலு? அதுக்குள்ள நீங்களே இடிச்சா எப்பிடி?"

"அம்மா, அவன் இடித்தால் அது நாசம். நாம் இடித்தால் தேசப்பணி" என்றார் அமைச்சர்.

"அந்த எதிரிய யாராச்சும் கண்ணால பாத்தீகளா?"

"மதில் முடியட்டும். மேலே ஏறிப் பார்த்துச் சொல்கிறோம்."

மதில் முடிந்தது. வீடிழந்த சனங்கள் ஒதுங்க வேறு நிழலில்லாமல், அதன் ஓரத்திலேயே சாக்கைக் கட்டிக் குடியிருந்தார்கள். கல்லெல்லாம் அவர்களுடையதுதானே! திறப்பு விழாவுக்கு வந்த மன்னருக்கு அந்தச் சாக்குகள் கண்ணை உறுத்தின. 'அரசு மதிலை ஆக்கிரமித்தவர்கள்' என்று பறையறைந்து, அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே பொட்டல்வெளி. பிள்ளைகள் நாக்கு வறண்டு அழுதன. ஒச்சம்மாள் முன்னால் போய்க் கதவைத் தட்டினாள். மற்றவர்களும் திரண்டு வந்து தட்டினார்கள்.

"குடிக்கத் தண்ணியாச்சும் குடுங்கய்யா!"

மதில்மேல் நின்ற காவலன் எட்டிப் பார்த்தான். கீழே பெருங்கூட்டம், ஒரே கூச்சல். அவன் கொம்பை எடுத்து ஊதினான்.

மன்னர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"நான்தான் சொன்னேனே, வருவார்கள் என்று!"

வில்லாளிகளுக்குக் கையசைத்தார். மதில் வீண்போகவில்லை என்று சபை கைதட்டியது.