சதுப்புக்குள் படுக்கும் மானும் பொய் சொன்ன தம்பியும்

பலேர்மோ, ஒரேத்தோ, இத்தாலி.
ஐப்பசி, செபமாலை மாதா திருநாள் முடிந்த கிழமை.

ஆண்டவருடைய இரக்கத்தால் இன்னும் கனகாலம் இருக்க வேண்டிய என் தம்பி சூசைதாசனுக்கு,

உன் அக்கா அகஸ்ரீனா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் எனக்கு ஐந்தாம் வகுப்பில் பழக்கினார்கள். அதற்கு மேல் படிக்க விடவில்லை, ஏனென்றால் உன்னைத் தூக்கி வைத்திருக்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதையும் நான் மறக்கவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கவும் மாட்டேன். கேட்டால் பொய் சொல்வாய்.

கதைக்க மாட்டேன் என்றவள் ஏன் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போன வருசம் என் மனுசன் யோசேப்பின் அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று தெரிந்த அன்றைக்கே, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி, இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா றோசாலியாவின் குகைக்குள் நின்று, இனி இவனோடு ஒரு வார்த்தை கதைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. இந்தக் கடிதத்தை என் பேத்தி அனிற்றா போனில் படம் பிடித்து உன் மகள் கிருசாந்தினிக்கு அனுப்புவாள். அவள் உனக்கு வாசித்துக் காட்டட்டும். வாசிக்கும்போது நடுவில் கதைக்காதே. சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம்.

விசயத்துக்கு வருகிறேன். நீ கிருசாந்தினியைக் கொண்டு மேலிருந்து பிடித்த ஒரு படம் அனுப்பியிருந்தாய். கனடா அரசாங்கக் காணியாம், லைசன்ஸ் உள்ள யாரும் போய் மான் சுடலாமாம், நடுவில் ஒரு சதுப்பு, அதற்குள் மான் எங்கே படுக்கும், நான் எங்கே இருக்க வேண்டும், அக்காவைக் கேள் என்றாயாம். ஒரு வருசமாக முகம் பாராதவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் கிருசாந்தினியிடம் ஏறி விழுந்தேன். கனடாவில் உன்ர அப்பாவுக்கு எத்தனை வேட்டைக்காரச் சிநேகிதர், அவர்களைக் கேட்கச் சொல், உன்ர கொப்பருக்கு மச்சான் செத்ததைவிட மான் பெரிசு, போன வருசமும் மானுக்குத்தானே போனவர், இந்த வருசமும் போகட்டும் என்று நான் பேசித் தீர்த்தேன். பிறகுதான் அந்தப் பிள்ளை சொன்னாள்:

"மாமி, போன வருசம் அப்பா காட்டுக்கே போகேல்லை. ஆஸ்பத்திரியிலை இருந்தவர். மான் வேட்டைக்குப் போயிட்டன் எண்டு சொல்லு, அக்கா கோவிச்சால் கோவிக்கட்டும், மனுசனையும் மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டு எனக்காகவும் அழக்கூடாது எண்டவர். இப்ப நெஞ்சு முழுக்கப் பரவிட்டுதாம் மாமி. இந்தக் குளிர் தாண்ட மாட்டாராம். ஒருக்கால் காட்டுக்குள்ளை போய் இருக்கவேணும் எண்டு நிக்கிறார்."

அவளை ஏசாதே. நான் வெருட்டித்தான் சொன்னாள்.

உனக்கு நல்ல மனம் என்று நான் இப்போது உருகிப்போய் இருக்கிறேன் என்று நினைத்தாயானால் பிழை. முந்தி, வராததற்குக் கோபம். இப்போது பொய் சொன்னதற்குக் கோபம். இது அதைவிடப் பெரிது. ஒரு வருசமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் யோசேப்பின் ஆத்துமாவுக்கு ஒரு செபம் சொல்லி, அதே மூச்சில் உன்னைத் திட்டிப் பேசியிருக்கிறேன். கபோ சந்தையில் மீன் வாங்க வருகிற தமிழ்ச் சனம் முழுவதற்கும், மான் இறைச்சிக்காக மச்சானின் பெட்டிக்கு மண் போட வராதவன் என்று உன்னைச் சொல்லி வைத்திருக்கிறேன். நெத்தலி விற்கிற இத்தாலியனுக்குக்கூட உன் கதை தெரியும். என்னைக் கண்டால் தலையை ஆட்டி, தம்பி சரியில்லை சிஞ்ஞோரா என்பான். இனி நான் வீடு வீடாகப் போய் அதையெல்லாம் திருப்பி வாங்கவா? பேசின பேச்சு ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்திருந்தால், அதை யார் இறக்கி எடுப்பது? ஒரு நோயைச் சொல்லாமல் விட்டு என்னை எவ்வளவு பாவத்துக்குள் தள்ளியிருக்கிறாய் என்று யோசித்துப் பார்.

சரி. படத்துக்கு வருகிறேன். அனிற்றா அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து குசினிச் சுவரில் ஒட்டினாள். காற்றுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கிறாய். நல்லது, அதையாவது மறக்கவில்லை. எங்களைப் பெற்ற அப்பு, வேட்டைக்குக் கூட்டிப்போய் மண்ணில் குச்சியால் கீறும்போது முதலில் காற்றைத்தான் கீறுவார், அதற்குப் பிறகுதான் குளம், அதற்குப் பிறகுதான் மான். கறுப்பாகத் தெரிவது தண்ணீர். அதைச் சுற்றிப் பழுப்பாக இருப்பது நாணல். நாணலுக்கு நடுவில் நகம் அளவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறதே, அது திட்டி. சுற்றிவரச் சேறு, நடுவில் இரண்டு மரம் நிற்கிற காய்ந்த மேடு. மான் அங்கேதான் படுக்கும். முதுகுப் பக்கம் காற்று வர, முகத்துப் பக்கம் தண்ணீர் தெரியப் படுக்கும். பின்னால் வருகிறவனை மூக்குப் பிடிக்கும், முன்னால் வருகிறவனைக் கண் பிடிக்கும். அரசாங்கக் காணி என்றால் எல்லாரும் வருவார்கள். இங்கே விசா புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் விடிய முதல் நிற்கிற சனம் மாதிரி, எல்லாரும் ஒரே பக்கத்தால் வந்து ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள், ஒருவனும் சப்பாத்தை நனைக்க மாட்டான். மானுக்கு அது தெரியும். அதனால்தான் அது சேற்றைத் தாண்டிப் போய்ப் படுக்கிறது.

நீ சேற்றுக்குள் இறங்க வேண்டாம். படுத்த மானைத் தேடிப் போகிறவன் மானைக் காண மாட்டான், அதன் வாலைத்தான் காண்பான். பின்னேரம் அது தானாக எழும்பித் தின்ன வரும். திட்டியிலிருந்து கரைக்கு ஒரு ஒடுங்கின தரை நாக்குப் போல நீண்டிருக்கிறது, படத்தில் கீழ்ப்பக்கம். அந்த நாக்கு கரையைத் தொடுகிற இடத்தில் விழுந்த மரம் ஒன்று கிடக்கிறது. அதில் முதுகைச் சாய்த்து இரு. பரணில் ஏற வேண்டாம், உன்னால் ஏலாது. பாதையிலிருந்து அது தூரமில்லை. மூச்சு வாங்கினால் நில். வெட்கப்படாதே. நின்று நின்று நடக்கிற காலடிக்கு மான் பயப்படாது, அதுவும் அப்படித்தான் நடக்கும். விடாமல் நடக்கிறது மனுசன் மட்டும்தான். இருமல் வந்தால் தொப்பியை வாயில் பொத்து. ஊரில் கட்டுக்கரைக் குளத்து நாணலுக்குள் நீ இருமி, கொம்பு மான் எழும்பி ஓடி, அப்பு எனக்கு அடித்தது உனக்கு மறந்திருக்கும். அடி வாங்கினவளுக்கு மறக்காது.

இதை எழுதினபிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. பின்னேரத்தில் ஈரநிலத்துக்கு மேல் காற்று ஏறுமா இறங்குமா என்று ஒரு சந்தேகம். நான் நாணலைப் பார்த்து எத்தனை காலம். பிழையாகச் சொல்லிவிட்டால், நீ இன்னொரு முறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஏலாதே. ஆகையால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அனிற்றாவைக் கூட்டிக்கொண்டு ஒரேத்தோ ஆற்றங்கரைக்குப் போனேன். பாலத்துக்குக் கீழே நல்ல உயரமான நாணல் நிற்கிறது. கூடவே உடைந்த வோஷிங் மெசின், மெத்தை, ஒரு ஸ்கூட்டரின் பாதி. அப்பு துணியில் சாம்பல் முடிந்து உதறிக் காற்றைப் பார்ப்பார். இஞ்சை எல்லாம் காஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போக? யோசேப்பின் பழைய காலுறை ஒன்றில் முகத்துக்குப் பூசும் பவுடரைக் கொட்டிக் கட்டிக்கொண்டு போய் நாணலுக்குள் நின்று உதறினேன். அனிற்றா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றாள், நீ பார்க்க வேண்டும் என்று. அப்போது பாலத்தில் ஒரு பொலிஸ் கார் நின்றது.

இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவன் வயதானவன், மற்றவன் மீசை அரும்பினவன். அது என்ன தூள் என்று இளையவன் கேட்டான். பவுடர் என்றாள் அனிற்றா. எதற்கு என்றான். மானுக்கு என்றாள். எந்த மான் என்றான். கனடாவில் இருக்கிற மான் என்றாள். அவன் மற்றவனைப் பார்த்தான். காலுறையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். அவனுக்குத் தும்மல் பிடித்து நிற்கவில்லை. யூனிபோம் முழுக்க வெள்ளை. என் பேத்தி, படித்த பிள்ளை, அந்த நேரம் பார்த்துச் சிரிக்கிறாள். "பாஸ்தா, போதும் அம்மம்மா, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ" என்று எனக்குச் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டிய படம் அவள் போனிலும் இருந்தது, அதை எடுத்து அவர்களுக்குக் காட்டினாள்.

இந்த ஊர்ச் சனத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. படத்தைக் கண்டவுடன் எங்களை என்ன செய்வது என்பதை மறந்துவிட்டார்கள். வயதானவனின் மாமன் மலைப்பக்கம் காட்டுப்பன்றி சுடுகிறவனாம். மேலே ஏறி இருக்க வேண்டும், மரத்தில் ஏறினால்தான் மணம் போகாது என்று அவன் எனக்குச் சொல்கிறான். இல்லை, கீழேதான் என்று நான் சொல்கிறேன். பாலத்தில் போன ஒருவன் கார்க் கண்ணாடியை இறக்கி, பூண்டு தேய்த்தால் மணம் தெரியாது என்று கத்திவிட்டுப் போனான். மரத்தில் ஏறுவதில் என்ன கஷ்டம், உங்கள் தம்பிக்கு எத்தனை வயது என்று வயதானவன் கேட்டான். நான் இத்தாலியப் பாசையில் சொன்னேன், என் தம்பி சாகக் கிடக்கிறான், அவனால் ஏற ஏலாது என்று.

தம்பி, அதை நான் அதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. கிருசாந்தினி சொன்னபோதுகூட ஓம், ஓம் என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டில் மகளுக்குச் சொல்லவில்லை, கோவிலில் சொல்லவில்லை. தமிழில் அது என் வாயால் வரவில்லை. அந்த ஊத்தைக் கரையில், நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோராவின் வீட்டில் சாமான் முடிந்தது என்று சொல்கிற பாசையில் சொன்னபோதுதான் அது உண்மை என்று எனக்கே கேட்டது. பிறகு நான் அழுதேன். யோசேப்பின் பெட்டிக்குப் பக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை, அன்றைக்கு உன்மேல் இருந்த கோபம் அழ விடவில்லை. அந்த வயதானவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலுறையை வாங்கி, தலைக்கு மேல் பிடித்து, மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். பவுடர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நாணலை ஒட்டித் தண்ணீர்ப் பக்கம் இறங்கிப் போனது. "பாருங்கள் சிஞ்ஞோரா, கீழேதான் போகிறது," என்றான். அவன் மாமன் சொன்னதைவிட நான் சொன்னது சரி என்று அவன் சொல்லவில்லை. சிசிலிக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான்.

ஆகையால் இதையும் கேள். வெயில் மரத்துக்குப் பின்னால் சாய்ந்தால் காற்று சதுப்புக்குள் இறங்கத் தொடங்கும், உன் மணமும் கூடப் போகும். அதற்கு முதல் எழும்பி வந்துவிடு. மான் வரவில்லை என்றால் வரவில்லை. வந்தால், கிட்ட வரும்வரை பொறு. உன் கை முந்தி மாதிரி இல்லை என்று கிருசாந்தினி சொன்னாள். சுட ஏலாவிட்டால் சும்மா பார்த்துக்கொண்டிரு, அதற்கு லைசன்ஸ் தேவையில்லை.

என்னை வரச்சொல்லிக் கேட்க வேண்டாம் என்றும் கிருசாந்தினிக்குச் சொன்னாயாம். நீ கேட்டாலும் நான் வரப்போவதில்லை. உன் கலியாணத்துக்கு வந்தபோது என்னைப் பொம்பிளை வீட்டாருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் இருத்தினாய். அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். எனக்கு முழங்கால் ஏலாது, பிளேன் ஏலாது, அந்தக் குளிர் ஏலாது, உன்னை அப்படிப் பார்க்க ஏலாது. இடம் சொல்லியாயிற்று. அக்காவின் கடமை அவ்வளவுதான்.

செபமாலை மாதா உன் நெஞ்சுக்குள் இருப்பதைக் கரைக்கட்டும். சாந்தா றோசாலியா உனக்குக் காவல் நிற்கட்டும், நான் உன்னைப் பற்றிச் சொன்ன எதையும் அவள் பெரிதாக எடுக்காமல் விடட்டும். கிருசாந்தினிக்கு என் முத்தங்கள். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்காத உன் அக்கா
அகஸ்ரீனா

பின்குறிப்பு: படம் பிடிக்க முதல் அனிற்றா கிருசாந்தினியோடு கதைத்தாள். அந்தச் சிவப்பு அம்பு காற்று இல்லையாம். நீ போட்டதும் இல்லையாம். கார் நிறுத்துகிற இடம் எந்தப் பக்கம் என்று கிருசாந்தினி போட்டதாம். அங்கே அந்த மாதத்தில் காற்று அடிக்கிறது நேர் மறுபக்கத்தால். ஆகையால் மேலே நான் எழுதின இடம் முழுக்கப் பிழை. விழுந்த மரத்தில் நீ போய் இருந்தால், இருந்த உடனேயே உன் மணம் திட்டிக்குப் போய்ச் சேரும், மான் அடுத்த மாகாணத்துக்குப் போய்ச் சேரும். சதுப்பைச் சுற்றி மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். படத்தில் ஒன்றும் விளங்கவில்லை. இது கடதாசியில் பார்த்துச் சொல்கிற காரியம் இல்லை, நேரில் நின்று பார்க்க வேண்டும். இத்தாலிப் பாஸ்போட்டுக்குக் கனடா விசா தேவையில்லையாம், போனிலேயே பதிகிறார்கள். அனிற்றா பிளேன் ரிக்கற்றும் போட்டுவிட்டாள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு யோசேப்பின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த மகள் போவாள், நான் சொல்லிவிட்டேன். நான் வரும்வரைக்கும் நீ எங்கேயும் போகக் கூடாது. காட்டுக்கும்தான்.