லோக்கல் லைன்

சொக்கம்பட்டி தாண்டியதிலிருந்து பின்னால் வந்த வெள்ளைக் கார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டிக்கு ஒரே சந்தோஷம்.

"வந்துட்டாருய்யா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வேறு நாளாக இருந்தால் நடுரோட்டிலேயே வண்டியை உருட்டி, ஹாரன் அடிக்கிறவனைத் தென்காசி வரைக்கும் டீசல் புகை குடிக்க வைத்திருப்பான். ஆனால் கூட வேலை பார்க்கும் டிரைவர் முஃபீத் நேற்று போனில் ஒரு ரகசியம் சொல்லியிருந்தான்.

"நாளைக்கு நீ சிவகிரியிலேருந்து லோடு ஏத்திட்டு வரும்போது கம்பெனியில ஒரு காரை உன் பின்னால விடுதாவ. வேணும்னே வம்பிழுப்பானாம். கோவப்படாம வந்து சேந்தேன்னா ஒனக்கு லோக்கல் லைன். இல்லன்னா பழையபடி கேரளாதான். நான் சொன்னேன்னு சொல்லிராதலே."

லோக்கல் லைன் என்றால் தினமும் வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தூக்கம். போன தடவை கோட்டயத்திலிருந்து திரும்பிய இசக்கிப்பாண்டியைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்த அவனுடைய மூன்று வயது மகள், "எம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காவ" என்றாள். மனைவி ஜெயபிரியா சிரித்துவிட்டாள். அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, கம்பெனி நடத்திய பாதுகாப்பு வகுப்பில் சொன்னபடி வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கி, கையைக் காட்டி வழி விட்டான். கார் முந்தியது. முந்திய கையோடு லாரிக்கு முன்னால் சடாரென்று பிரேக் போட்டது.

வகுப்பில் இதற்கும் பாடம் உண்டு. இடைவெளி விட வேண்டும். விட்டான். அந்த இடைவெளியில் இரண்டு ஆட்டோவும் ஒரு மினி பஸ்ஸும் புகுந்துகொண்டன. கார்க்காரர் மெனக்கெட்டு அவற்றையெல்லாம் போகவிட்டு, மறுபடி லாரிக்கு முன்னால் வந்து பிரேக் போட்டார். வாங்குகிற சம்பளத்துக்கு மனுஷன் எப்படி உழைக்கிறார் என்று இசக்கிப்பாண்டிக்கு ஆச்சரியமாக இருந்தது.

கார் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்து, நாலு பேர் முன்னால் செய்யக்கூடாத சைகை ஒன்றைச் செய்தது. இசக்கிப்பாண்டி பதிலுக்குக் கும்பிட்டான்.

அங்கேதான் விஷயம் முற்றியது. இடைகால் ஊரைத் தாண்டி, கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் இறங்கி வந்தார். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர் மாதிரி தோளில் துண்டு. வேஷம்கூடப் பொருத்தமாகத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"ஏலே, கும்பிடுதியோ? நக்கலா?"

"இல்ல சார். தப்பு எம்பேர்லதான்."

"பின்ன எதுக்குலே சிரிக்க?"

சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. "கோவத்த நல்லா கொண்டு வாறீய சார். நெசக் கோவம் மாதிரியே இருக்கு."

அவர் லாரிப் படியில் ஏறி, உள்ளே கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். "இப்ப ஓட்டுலே பாப்போம்."

"வச்சுக்கிடுங்க சார், அவசரமில்ல. தண்ணி குடிக்கேளா? இம்புட்டு நேரம் கத்திட்டு வாறீய, தொண்டை காஞ்சிருக்கும்."

பளாரென்று ஒன்று விழுந்தது.

இசக்கிப்பாண்டியின் கை தானாக முறுக்கிக்கொண்டது. கூலிங் கிளாஸ் தாங்கியிருந்த மூக்கு ரொம்பப் பக்கத்தில், தோதாக இருந்தது. 'யாரோ ஒரு மாமா' என்று சொன்ன மகளை நினைத்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போதுமா சார்? இன்னும் பாக்கி இருந்தா இங்கனயே முடிச்சிருங்க. குடோன்னா நாலு பேரு பாப்பாவ."

கார்க்காரர் படியிலிருந்து மெதுவாக இறங்கினார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "ஒனக்கு என்ன, மண்டைக்குச் சுகமில்லையாலே?" என்று கேட்டுவிட்டு, சாவியைச் சீட்டில் போட்டார். பிறகு காரை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

குத்துக்கல்வலசை குடோனில் மேனேஜர் விஜயசங்கர் வாசலிலேயே நின்றிருந்தார். இசக்கிப்பாண்டி வீங்கிய கன்னத்தோடு இறங்கினான்.

"சார், டெஸ்ட்டுல நான் பாஸ்தான?"

"டெஸ்ட்டு விஷயம் உமக்கு எப்படித் தெரியும்?"

"அத விடுங்க சார். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா அறையச் சொன்னது கொஞ்சம் அதிகம்."

"அறையவா? யாரு யாரை அறைஞ்சா?"

அப்போது ஒரு சின்னப் பச்சைக் கார் கேட்டுக்குள் தயங்கித் தயங்கி வந்து நின்றது. பில் போடுகிற சண்முகநாதன் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மேனேஜரிடம் வந்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க சார், நடுவுல ஒரு வெள்ளைக் கார்க்காரன் வந்து ஆடுன ஆட்டத்தப் பாத்துப் பயந்துபோயி நான் கடையநல்லூர்லயே ஓரங்கட்டிட்டேன்; அண்ணாச்சிக்கு டெஸ்ட்ட நாளைக்கு வச்சுக்கிடுவோமா?"