இடைவேளை அக்காவும் ஒன்பது மணி பஸ்ஸும்

தமிழ் சினிமாவில் இடைவேளை அக்காவை மிஞ்சிய குணச்சித்திர நடிகை கிடையாது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். எண்பதுகளில் பாலக்கோட்டில் இதை மறுத்துப் பேச ஓர் ஆள் இல்லை. காரணம், அவர் நடித்து அங்கே ஓர் ஆள்கூடப் பார்த்ததில்லை.

பெயர்க் காரணம் எளிது. கதாநாயகி மயங்கி விழுந்ததும் இடைவேளை விட்டால், மறுபடி விளக்கணைந்ததும் டாக்டராக வந்து நாடி பிடிப்பவர் அக்கா. கதாநாயகனைக் கைது செய்ததும் இடைவேளை என்றால், அடுத்த காட்சியில் நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் அக்கா. கூப்பிட்டபோது மெட்ராஸ், மிச்ச நாளெல்லாம் எங்கள் தெரு. எதிர்வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். பகலில் குமாஸ்தா, மாலையில் எழுத்தாளன். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் கசங்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தன.

அக்காவுக்கு ஒரு வழக்கம். படப்பிடிப்புக்கு முந்தைய வாரமே வேஷத்துக்குள் இறங்கிவிடுவார். நர்ஸ் என்றால், தெருவில் தும்மியவர் வாயிலெல்லாம் தெர்மாமீட்டர். தலைமையாசிரியை வாரத்தில், அரசாங்கச் சம்பளம் வாங்கும் என்னை நிறுத்தி நகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நாளைக்கு வெட்டிகிட்டு வரணும்" என்றார். வெட்டிக்கொண்டு போனேன்.

நீதிபதி வாரத்தில் தக்காளி மார்க்கெட்டுக்குப் போனார். மாரண்டஹள்ளி விவசாயி ஒருவரும் மண்டிக்காரரும், கூடையில் அழுகியது யார் பொறுப்பு என்று சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, இரு தரப்பையும் விசாரித்து, ஆளுக்குப் பாதி நஷ்டம் என்று தீர்ப்புச் சொன்னார். இருவரும் அடங்கிவிட்டார்கள். விவசாயி மட்டும் போகிற போக்கில் தயங்கி, "ஏங்கம்மா, இதுக்கு மேல அப்பீலுக்குப் போலாங்களா?" என்று கேட்டார்.

"போலாம். மெட்ராஸ்லயும் நான்தான் உக்காந்திருப்பேன்."

இப்பேர்ப்பட்டவர் ஏன் சொந்த ஊர்த் திரையில் தெரியவில்லை? ஊரில் இருந்தது ஒரு டூரிங் டாக்கீஸ். முதல் ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாரண்டஹள்ளிப் பக்கம். அவர்களுக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. அதற்குள் படத்தை முடிக்க ஆபரேட்டர் முனுசாமி கண்டுபிடித்த வழி, இடைவேளைக்கு அடுத்த ரீலைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது.

"ரெண்டாவது ஆட்டத்துலயாவது அத ஓட்டக் கூடாதாய்யா?" என்று அக்கா சண்டைக்குப் போனார்.

"அதெப்பிடிங்கம்மா? ஒரே படத்த ரெண்டு விதமா காட்டுனா, பாத்தவங்களுக்குள்ள அடிதடி ஆயிடுங்க."

அந்த ஒன்பது மணி பஸ்ஸின் டிரைவர் மாதப்பன், அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். அவர் மணி பார்த்து வண்டி எடுப்பதில்லை. அவர் வண்டி எடுப்பதைப் பார்த்துத்தான் ஊர் கடிகாரத்தைத் திருத்தியது. தங்கையைப் பார்க்க இரண்டு முறை லீவு போட்டுப் படத்துக்கு வந்தார். இரண்டு முறையும் டீக்கடையில் உட்கார்ந்து, "அவ எங்க வந்தா? சினிமா சினிமான்னு மெட்ராசுல என்னா பண்றாளோ" என்றார். கடை சிரித்தது. அன்றிலிருந்து அக்கா மாரண்டஹள்ளியில் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"தர்மபுரியில முழுசா ஓட்றாங்கக்கா. அண்ணன அங்க கூட்டிட்டுப் போயி காட்டுங்களேன்" என்றேன்.

"சிரிச்சது இந்த ஊருப்பா. இந்த ஊர்லதான் பாக்கணும்." கொஞ்சம் கழித்து, "உன் கதையாச்சும் திரும்பி வருது. என் சீனு போன எடமே தெரியல" என்றார்.

அந்த நீதிபதிப் படம் ஊருக்கு வந்தது. தைரியத்தைத் திரட்டிக்கொண்டு டீக்கடையில் மாதப்பனிடம் போனேன்.

"அண்ணா, ஒங்க தங்கச்சி படத்துல இருக்காங்க. ஒங்க பஸ்ஸுக்காகத்தான் அந்த ரீல ஓட்டறதில்லீங்க."

அவர் டீயை முழுதும் குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எழுந்து போய்விட்டார். இன்னொரு கதை திரும்பி வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் டிக்கெட் வாங்கும்போது முனுசாமி கிசுகிசுத்தார்: "டிரைவர் அண்ணன் வந்தாருங்க. எல்லா ரீலும் ஓட்டு, வண்டி நிக்கும்னாருங்க." ஓடிப் போய் அக்காவை அழைத்து வந்தேன்.

இடைவேளை முடிந்தது. திரையில் கோர்ட்டு. கறுப்பு அங்கியில் அக்கா. மணல் தரையிலிருந்து அந்தத் தக்காளி விவசாயி எழுந்து நின்று, "அட, நம்ம ஜட்ஜம்மாடா" என்றார். என் பக்கத்தில் இருந்த ஜட்ஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். வாசல் ஓரம் காக்கிச் சட்டையில் மாதப்பன். உட்காரவில்லை, கோர்ட்டில் நிற்பதுபோல நின்றார்.

படம் முடிந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது; பஸ் வெளியே நின்றது. அண்ணன் தங்கையிடம் வந்தார்.

"ஏறும்மா, வூட்டுக்குப் போலாம். அண்ணி கோழி அடிச்சு வெச்சிருக்கா."

அக்கா ஏறி, இஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பஸ்ஸுக்குள்ளேயே காத்துக் கிடந்த ஒரு பெரியவர் கடுகடுத்தார்: "என்னா மாதப்பா, ஒரு நாளும் இல்லாத லேட்டு?"

"என் தங்கச்சி பேசிகிட்டிருந்தா" என்றார் மாதப்பன். "பாதியில எப்பிடிங்க எடுக்கறது?"

பிறகு டி.வி. வந்தது. நாடகங்களில் அக்கா மாமியாராகவும் மந்திரியாகவும் வந்தார்; எடுத்து ஒளிக்க அங்கே ரீல் இல்லை. இன்றைக்கும் பழைய நாடகம் எதிலாவது அந்த முகம் தெரிந்தால், அடுப்பில் பால் பொங்கினாலும் நான் எழுந்து போவதில்லை. அக்கா பேசிக்கொண்டிருக்கிறார்.