பத்துக்கு ஒன்பது

பிஸ்கட் வாயில் பட்டதும் ருசி பார்ப்பவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ருசியால் அல்ல. மூன்று மாதமாக ஈறு தக்காளி நிறத்தில் வீங்கி, எதைத் தின்றாலும் எரிந்தது.

பிஸ்கட் கம்பெனியில் அவருக்கு நாக்குதான் உத்தியோகம். விஷயம் தெரிந்தால் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் மூச்சுவிடவில்லை.

முதலில் கிராம்புத் தைலம் தடவினார். ஈறோடு உதடும் வீங்கியது. புதினா பேஸ்ட்டுக்கு மாறினார். நாக்கும் சேர்ந்துகொண்டது. பல் டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பல்லைப் பிடுங்கினார். பல் போனது, எரிச்சல் போகவில்லை.

கடைசியில் பெரிய டாக்டர் ஈறில் கடுகளவு சதை வெட்டி, சோதனைக்கு அனுப்பிப் பார்த்துச் சொன்னார்: "பிளாஸ்மா செல் ஜிஞ்சிவைட்டிஸ். ரொம்ப அபூர்வம்."

கூட வந்திருந்த மனைவிக்குக் கவலைப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. "அப்படின்னா என்ன டாக்டர்?"

"ஒரு வகை செல்லு, வேலைவெட்டி இல்லாம ஈறுல வந்து கூட்டம் போட்டிருக்கு. பட்டை, புதினா, கிராம்பு ஏதோ ஒத்துக்கல. சார் என்ன வேலை பாக்கறார்?"

"பட்டை பிஸ்கட்டும் புதினா பிஸ்கட்டும் ருசி பாக்கறார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலைய மாத்திக்கச் சொல்லுங்கம்மா."

"அது மட்டும் முடியாதுங்க" என்றார் நோயாளி.

"அப்ப இந்த மருந்தைக் கொப்பளிங்க. எரிஞ்சா இந்த ஜெல். வாய் மரத்துப்போகும்."

மரத்துத்தான் போனது. மறுநாள் கடித்தது பிஸ்கட்டையா நாக்கையா என்றே விளங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ருசி பார்க்கும் கூட்டாளியின் மூஞ்சியை ஓரக்கண்ணால் பார்த்தார். கூட்டாளி லேசாகத் தலையாட்டினார். இவரும் ஆட்டினார். கூட்டாளி பலமாக ஆட்டினார். இவர் அதைவிடப் பலமாக.

பத்துக்கு ஒன்பது போட்டார். கூட்டாளியும் ஒன்பது.

மாலையில் மேனேஜர் பாக்கெட்டோடு பாய்ந்து வந்தார்.

"சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டியிருக்கானுங்க! எட்டாயிரம் பாக்கெட் கடைக்குப் போயாச்சு! ரெண்டு பேரும் ஒன்பது மார்க்கா?"

இனி மறைக்க முடியாது. "சார், எனக்கு வாயில அபூர்வ வியாதி. மூணு மாசமா ஒரு ருசியும் சரியாத் தெரியல" என்று வாயை அகலத் திறந்து காட்டினார்.

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"சரிய்யா, மூடு. உனக்கு வியாதி." கூட்டாளி பக்கம் திரும்பினார். "உனக்கு என்னய்யா கேடு?"

கூட்டாளி இவர் பக்கம் கையைக் காட்டினார்.

"எனக்குப் பொறந்ததுலேருந்தே ருசி தெரியாது சார். பதினோரு வருஷமா அண்ணன் மூஞ்சியப் பாத்துத்தான் மார்க் போடறேன்."