நான் பிய்த்தெடுத்த பொட்டு

எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் கண்ணில் படுவதையெல்லாம் திருத்தாமல் இருக்க முடியாது. குறிப்பாக, அம்மா பீரோ கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஸ்டிக்கர் பொட்டுகளை. பார்த்த இடத்தில் பிய்த்துவிடுவேன்.

என் முதல் வேலை, ஓர் ஆய்வு அலுவலகத்துக்காக ஒரகடம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் என்ன புதுமை நடக்கிறது என்று அளப்பது. காப்புரிமை எத்தனை, ஆராய்ச்சிக்கூடம் உண்டா என்று படிவம் கேட்கும். முதல் அறிக்கை தேறினால்தான் வேலை நிரந்தரம். (நிரந்தரம் என்றே அம்மா எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்!)

நான் போனது சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி. "இங்க புதுசா ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் சூப்பர்வைசர். 'புதுமை: பூஜ்யம்' என்று அழகாக எழுதினேன்.

பிறகு உற்பத்தி லைன் ஓரம் நின்றேன். ஏசி தாலாட்டியது. நீலக் கோட்டுப் பெண்களின் கைகள் தண்ணீருக்கடியில் அசைவதுபோல் அசைந்தன. பச்சைப் போர்டுகள் மிதந்து போயின. நானும் மிதந்தேன். மேடை, மாலை, முன்வரிசையில் புதுப்புடவையில் அம்மா...

லைனில் போர்டு அடுக்கும் மல்லிகா அக்கா டீ குடிக்க எழுந்தார். அவர் போர்டை வைக்கும் அச்சின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கனவு கலையாமலே கை நீண்டது. பிய்த்துவிட்டேன்.

அக்கா இடத்தில் சூப்பர்வைசர் உட்கார்ந்து போர்டுகளை அடுக்கினார். சற்று நேரத்தில் சோதனை மேசை முழுக்கச் சிவப்பு விளக்கு. லைன் நின்றது. எல்லாப் போர்டும் தலைகீழ்.

அக்கா ஓடிவந்தார். "பொட்டு இருக்கிற பக்கந்தான தலை? பாத்து வெக்கலயா சார்?"

"பொட்டே இல்லம்மா! குத்துமதிப்பா வெச்சேன்."

"எங்க பூடும்? நான் ஒட்னதிலேர்ந்து ஒரு போர்டு தப்பாவல."

எல்லாரும் தேடினார்கள். நானும் குனிந்து தேடினேன். அக்கா என் கையிலிருந்த படிவ அட்டையைப் பார்த்தார். 'பூஜ்யம்' என்ற எழுத்துக்கு மேலே, நெற்றி நடுவில் வைத்ததுபோல், பொட்டு.

"நல்லா கீறியே கண்ணு! புதுமை இல்லன்னு எழுதி, அதுக்கே பொட்டு வெச்சிகினியா?"

லைன் முழுக்கச் சிரித்தது. வேலை போனது என்று முடிவுகட்டி, பூஜ்யத்தை அடித்து, நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துமுடித்த எங்கள் அதிகாரி பேனாவை எடுத்தார். படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார்: 'தொழிலாளர் செய்துவைத்ததில் எதை எடுத்தால் லைன் நிற்கும்?'

வேலை நிரந்தரமானது. கண்ணாடிப் பொட்டுகளும்தான். நான் கையைத் தூக்கினாலே உள்ளேயிருந்து அம்மாவின் குரல்:

"ஏய், தொடாத! ஒரகடமே நின்னுடப் போவுது!"