லினக்ஸ்காரனின் கடைசி டிஸ்ட்ரோ

என் பட்டறை ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வாங்கியவன் நான். அதற்கு இரும்பில் மேஜை அடித்துப் போட்டவன் நான். சாயங்காலம் தூசி படியாமல் துணி போட்டு மூடுகிறவனும் நான்தான். ஆனால் காலையில் வந்து ஸ்விட்சைத் தட்டினால் திரையில் என்ன முகம் வரும் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. நேற்று கீழே இருந்த பட்டை இன்று மேலே இருக்கும். நேற்று நீலமாக இருந்தது இன்று காவி கட்டியிருக்கும். சில நாள் எதுவுமே இருக்காது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கும். சொந்த வீட்டுக் கதவைத் தட்டி, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்கிற பிழைப்பு. இந்த வயிற்றெரிச்சலை எத்தனை நாள்தான் உள்ளேயே வைத்திருப்பது?

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரன் என்றொரு ஜீவன் உலகத்தில் உண்டு. அவனை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. அவனே வந்து சொல்லிவிடுவான்.

எனக்கு வாய்த்தவன் என் மனைவியின் தம்பி. லாரிக்கும் வேனுக்கும் பாடி கட்டுவது என் தொழில். அதற்கு அளவு போட்டுப் படம் வரைந்து கொடுப்பது அவன் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தவன், அவ்வளவுதான். அதனால் இந்த லினக்ஸ் என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்ல முடியும்.

லாரி கம்பெனிக்காரன் எங்களிடம் என்ன அனுப்புகிறான்? எஞ்சினும் சக்கரமும் வைத்த சேசிஸ். மொட்டையாக வரும். அதன் மேல் நாங்கள் பாடி கட்டுகிறோம். லினக்ஸ் என்பதும் அப்படி ஒரு சேசிஸ்தான், கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு. அதன் மேல் ஆளாளுக்கு ஒரு பாடி கட்டி, ஒரு பெயரையும் வைத்து, இந்தா சும்மா எடுத்துக்கோ என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பாடிக்குத்தான் டிஸ்ட்ரோ என்று பெயர். மின்ட் என்பார்கள், ஃபெடோரா என்பார்கள், ஆர்ச், ஜென்டூ என்று நூற்றுக்கணக்கில் அடுக்குவார்கள். இதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தால் அவன் மனிதன். வேலையை விட்டுவிட்டுப் பாடியை மாற்றிக்கொண்டே இருந்தால் அவன் லினக்ஸ்காரன்.

எல்லோரையும் போல இவனும் ஆரம்பத்தில் சாதுவாகத்தான் இருந்தான். முதலில் போட்டது மின்ட். புதிதாக வருகிறவர்களுக்குச் சுலபமானது என்றான். நன்றாகத்தான் இருந்தது, நானே இரண்டு பொத்தானை அமுக்கிப் பழகிவிட்டேன். அத்தோடு விட்டானா? புதிதாக மதம் மாறியவனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முடி வெட்டப் போன இடத்தில் முடி வெட்டுகிறவருக்கு, பல் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, தவறான நம்பருக்கு போன் செய்த யாரோ ஒரு அம்மாளுக்கு, எல்லோருக்கும் உபதேசம்.

"சுதந்திரம் மாமா. இதுல நம்ம இஷ்டத்துக்கு எதை வேணா மாத்திக்கலாம்."

"எதை மாத்தணும்?"

"எதை வேணாலும்."

"ஒண்ணும் மாத்த வேணாம்னா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அந்தப் பார்வையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரனின் முக்கியமான அங்க அடையாளம் அது.

அடுத்தது அலங்காரப் பருவம். வாரத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ. ஒன்றில் ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஈரத்துணி மாதிரி நெளியும். இன்னொன்றில் திரையே பெட்டி மாதிரி சுழலும். வேறொன்றில் மூலையில் பனி பெய்துகொண்டே இருக்கும். நான் ஒரு வேனுக்குப் பின்கதவு அளவு கேட்டுக்கொண்டு நிற்பேன், அவன் பனியைக் காட்டிக்கொண்டிருப்பான். ஒவ்வொன்றையும் போட்டு முடித்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு சத்தியம் செய்வான்: "இதான் கடைசி மாமா. இனிமே மாத்தவே மாட்டேன்." இந்த வாக்கியத்தை நான் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஆணி அடித்திருந்தால் ஒரு லாரியின் தளத்தையே முடித்திருக்கலாம்.

இந்தப் பருவத்தில்தான் என் பிரிண்டர் செத்தது. செத்தது என்றால் அப்படி அவன் சொன்னான். "நம்ம சிஸ்டம் பக்காவா இருக்கு. பிரச்சினை பிரிண்டர்லதான்." அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய் அச்சடித்து வாங்கி வருவார் என் வெல்டர். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து நின்றார்.

"முதலாளி, சுதந்திரம்னா இதானா?"



பிறகு மச்சினன் இறுகிவிட்டான். அலங்காரமெல்லாம் சின்னப்பசங்க வேலை என்று ஆர்ச்சுக்குப் போனான். படமும் இல்லை, பொத்தானும் இல்லை. எல்லாவற்றையும் கறுப்புத் திரையில் டைப் அடித்தே செய்ய வேண்டும். கஷ்டமாக இருப்பதுதான் அதன் பெருமையாம். தாடி வந்தது. போனில் ஒரு குழு வந்தது. அதில் இருக்கிற எல்லோருக்கும் தாடி. ஒருவன் சந்தேகம் கேட்டால் மற்ற எல்லோரும் சேர்ந்து, "எழுதி வெச்சிருக்கு, படிச்சுட்டு வா" என்பார்கள். துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். மின்விசிறி ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று யாரோ ஒரு பெரியவர் முனகினார். இவன் திரும்பி, "நான் ஆர்ச் யூஸ் பண்றேன்" என்றான். அவர் பாவம், ஏதோ வியாதி என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மின்ட் வைத்திருக்கிறவனைக் கண்டால் இப்போது அவனுக்கு ஆகாது. "அது பால் புட்டி மாமா" என்பான். போன வருஷம் அந்தப் புட்டியைச் சப்பியவன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, ஜென்டூ என்று. அதில் எல்லாவற்றையும் மூலத்திலிருந்து நாமே கட்டிக்கொள்ள வேண்டுமாம். கடையில் சட்டை வாங்காமல் பருத்தி விதைக்கிற மாதிரி. கம்ப்யூட்டர்ப் பெட்டி இரவு பகலாக உறுமும். மழைக்காலத்தில் பெயிண்டர் வந்து அதன் பின்பக்கத்தில் கையைக் காய வைத்துக்கொண்டு போவார்.

"ஏங்க, என் தம்பி எப்படி உழைக்கிறான் பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி.

"உழைக்கிறது பெட்டி. அவன் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

"உங்களுக்கு என் தம்பியைச் சொல்லலைன்னா தூக்கம் வராதே!"

இப்படியே ஓடியிருக்கும். பல் டாக்டரம்மா வராமல் இருந்திருந்தால்.

அந்த அம்மாள் ஒரு வேன் கொண்டுவந்து விட்டிருந்தார். உள்ளே நாற்காலி, தண்ணீர்த் தொட்டி, கருவி வைக்க அலமாரி எல்லாம் வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பல் பார்க்கிற ஆஸ்பத்திரியாக மாற்ற வேண்டும். திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் முகாம். "பிள்ளைங்க வரிசையில நிப்பாங்க சார், வண்டி வந்துடணும்" என்றார். வரும் என்றேன். என் வாயால் சொன்னேன். வெளிக்கூடு முடிந்துவிட்டது, உள்வேலைக்கான அளவெல்லாம் பெட்டியில் இருந்தது. வியாழக்கிழமை காலையில் தகடு வெட்ட ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

வியாழக்கிழமை காலையில் நான் ஆபீஸுக்குள் நுழைந்தால் கறுப்புத் திரை. வெள்ளைக் கோடு. கண்ணடிக்கிறது.

"மாப்ள, என்ன இது?"

"புதுசா ஒண்ணு வந்திருக்கு மாமா. ஜென்டூவையே தூக்கிச் சாப்பிட்டுடும். டீ குடிச்சுட்டு வாங்க, முடிஞ்சிடும்."

"டாக்டரம்மா படம் எங்க?"

"பேக்கப் எடுக்காம கை வெப்பேனா? பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு."

"எந்தப் பென் டிரைவ்?"

விரலை நீட்டினான். நீட்டிய விரல் அப்படியே நின்றது. பென் டிரைவ் பெட்டியில் செருகியிருந்தது. அதிலிருந்துதான் புது டிஸ்ட்ரோ பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புது டிஸ்ட்ரோவைப் போட வேண்டுமானால் முதலில் அதை ஒரு பென் டிரைவில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அதில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். இவனிடம் இருந்தது ஒரே பென் டிரைவ். படங்களைப் பத்திரமாக அதில் வைத்தான். பிறகு அதே பென் டிரைவில் டிஸ்ட்ரோவை ஏற்றினான். பிறகு பெட்டியையும் சுத்தமாகத் துடைத்தான். மூன்று வேலையையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு நேர்த்தி.

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "அளவு குடுங்க முதலாளி."

மறுபடி டாக்டரம்மாவோடு உட்கார்ந்து, நாற்காலி எங்கே, குழாய் எங்கே என்று பேசி வரைவதற்கு ஒரு வாரம் ஆகும். மச்சினனை வெளுத்துவிடலாம் என்று பார்த்தால் அவன் ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவே வந்து சேர்ந்தார், வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க.

"என்ன, எல்லாரும் பல்லு வலி வந்த மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவ்ளோதானா? நீங்கதானே சரி பாக்கச் சொல்லி எனக்கு அனுப்புனீங்க. இதுல இருக்குமே" என்று பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்தார். மூலை உடைந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. திறந்தார். படம் இருந்தது. நாற்காலி, தொட்டி, அலமாரி, கடைசி ஆணி வரைக்கும்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் மச்சினன் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் இருந்த சின்னப் பச்சைச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், இது மின்ட்."

"அப்படின்னா?"

"லினக்ஸ். நீங்க லினக்ஸ் யூஸ் பண்றீங்க!"

"அப்படியா? காலேஜ்ல கூட இருந்த பொண்ணு போட்டுக் குடுத்தா. அப்பலேருந்து ஓடிக்கிட்டிருக்கு."

"நடுவுல மாத்தவே இல்லையா?"

"எதுக்கு?"

எதுக்கு! இத்தனை வருஷத்தில் அந்தத் தாடிக் குழுவில் ஒருத்தன்கூட அவனிடம் கேட்காத கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். டாக்டரம்மா தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லு ரெண்டும் சொத்தை. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பிஸ்கட்டா தின்னுவீங்களா?"

வெல்டர் சும்மா இருப்பாரா? பிரிண்டர் வயரை எடுத்து அந்த லேப்டாப்பில் செருகினார். டாக்டரம்மா ஒரு தட்டுத் தட்டினார். செத்துப் போன என் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, ஒன்றன் பின் ஒன்றாக எல்லாப் படத்தையும் துப்பியது. சூடான காகிதத்தை வெல்டர் மச்சினன் முகத்துக்கு நேரே விசிறிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டி தயார்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் பட்டறைக்கு வருகிற லாரிக்காரர்களிடம் இதைத்தான் பார்க்கிறேன். முதல் லாரி வாங்குகிறவன் நெற்றியில் மயில், முதுகில் புலி, சுற்றி வண்ண விளக்கு என்று கேட்பான். இரண்டாவது லாரிக்கு, அடுத்தவனிடம் இல்லாத ஏதோ ஒரு தகடு வேண்டும், அது பாரமாக இருந்தாலும் பரவாயில்லை என்பான். மூன்றாவது லாரிக்கு வரும்போது முடி நரைத்திருக்கும். "மழை ஒழுகக் கூடாது, கதவு சத்தமில்லாம மூடணும். வேற ஒண்ணும் வேணாம்" என்பான். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர அவனுக்கு இரண்டு லாரி தேவைப்படுகிறது. மச்சினனுக்கு ஒரு நூறு டிஸ்ட்ரோ.

சிரிக்கிறீர்கள். கம்ப்யூட்டரையே தொடாத நமக்கென்ன என்று. கொஞ்சம் இருங்கள். போன் கேமராவுக்காகப் போனை மாற்றியது யார்? தலைமுடிக்கு எத்தனை எண்ணெய் மாற்றினீர்கள், அதில் எத்தனை முடி மிச்சம்? உடம்பைக் குறைக்க அரிசியை விட்டு, கோதுமையை விட்டு, பிறகு எதையோ முளைகட்டித் தின்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசி, கடைசியில் ஒரு நாள் யாரும் பார்க்காதபோது பழைய சோற்றுப் பானையைத் திறந்தது யார்? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

முகாமுக்குப் போகும் முன்னால் நாற்காலியைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் மனைவி தன் தம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் தாடியை எடுத்திருந்தான். அதற்கு முன்பே, காலையில் நான் துணியை நீக்கி ஸ்விட்சைப் போட்டபோது, திரையில் ஒரு பச்சைச் சின்னம் வந்தது. பிரிண்டர் வேலை செய்தது. அவன் "இதான் கடைசி" என்றுகூடச் சொல்லவில்லை, அதனால்தான் நம்பினேன்.

நாற்காலியில் சாய்ந்தான். டாக்டரம்மா ஊசியை எடுத்தார். அவன் சட்டென்று என் கையைப் பிடித்து, பக்கத்தில் இழுத்து, காதில் சொன்னான்:

"மாமா, எங்க குழுவுல யாராவது கேட்டா, நான் இன்னும் ஜென்டூலதான் இருக்கேன்னு சொல்லிடுங்க."