மூன்றாம் தொகுதியின் மாபெரும் உண்ணாவிரதம்

உலகத்தில் பசியை அறவே ஒழித்துவிட்ட இடம் ஒன்று உண்டென்றால், அது நான் பணிபுரியும் சிறைச்சாலைதான். இதை நான் சொல்லவில்லை, உணவுப் பதிவேடு சொல்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதுபவன் நான் என்பது வேறு விஷயம்.

வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் சாப்பாடு என்றாலே இளக்காரம். ஒருவன் உள்ளே வந்துவிட்டால் 'களி தின்னப் போயிருக்கிறான்' என்பார்கள். களி என்றால் மகிழ்ச்சி என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டையும் நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். இப்போது நடப்பது 'சமச்சீர் ஊட்டத் திட்டம்'. காலையில் ரொட்டி, அதை மெல்வதே ஒரு தேகப்பயிற்சி. மதியம் சோறும் பருப்பும். சோற்றில் கல் கிடப்பதாகச் சிலர் குறை சொல்கிறார்கள். பல் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே எவ்வளவு நேரம் மருத்துவரிடம் காத்துக் கிடக்க வேண்டும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பருப்பில் பருப்பையே காணோம் என்றும் ஒரு புகார் வந்தது. தட்டை ஆட்டாமல் சற்று நேரம் வைத்திருந்தால் அடியில் தெரியும் என்று சமையற்காரர் எழுத்துமூலம் விளக்கம் அளித்திருக்கிறார். புதன்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு முட்டை.

அப்படி ஒரு புதன்கிழமை, சமையற்கூடத்தின் பெரிய அடுப்பு பழுதாகிவிட்டது. இரண்டு தொகுதிகளுக்குச் சமைத்ததோடு சரி. மூன்றாம் தொகுதியின் நூற்றுப் பன்னிரண்டு பேரும் தட்டை ஏந்தி வரிசையில் நின்றார்கள். கால் வலித்ததும் உட்கார்ந்தார்கள். பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்கள்.

இதில் என் தவறு எதுவும் இல்லை. நான் சுறுசுறுப்பானவன். மதியச் சாப்பாட்டைக் காலை ஒன்பது மணிக்கே 'வழங்கப்பட்டது' என்று எழுதி முடித்துவிடுவேன். பதினோரு ஆண்டுகளில் என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அதற்காக அந்த மாதம் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வருவதாக இருந்தது.

மறுநாள் கண்காணிப்பாளர் இரண்டு பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். என்னுடையதில் மூன்றாம் தொகுதிக்குச் சாப்பாடு நூற்றுப் பன்னிரண்டு. பாத்திரம் கழுவும் பதிவேட்டில் தட்டுகள் பூஜ்யம். கண்ணை மூடி ஐந்து நிமிடம் யோசித்தார்.

"சாப்பாடு போயிருக்கு. தட்டு அழுக்காகலை. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"அடுப்புங்க சார்..." என்று ஆரம்பித்தார் சமையற்காரர்.

"உண்ணாவிரதம்" என்றார் கண்காணிப்பாளர்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அடுப்பு என்றால் அவர் மேலிடத்துக்குப் பதில் எழுத வேண்டும். நான் ஒரு வார்த்தையை அடிக்க வேண்டும். உண்ணாவிரதம் என்றால் உண்ணாதவர்கள் பதில் சொன்னால் போதும். உணவை மறுப்பது ஒழுங்கீனம். நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைத்த நாட்களில் முப்பதைத் திரும்பச் சேர்த்துவிடலாம்.

மற்றவர்களுக்கு இந்த முப்பது நாள் என்றைக்கோ வரப்போவது. மூன்றாம் தொகுதியில் இருந்த தையற்காரர் ஒருவருக்குத்தான் வரும் சனிக்கிழமையே விடுதலை. சனிக்கிழமை மதியத்துக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டு அவர் மனைவி என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். "எதுவா இருந்தாலும் சரி, சூடா இருந்தா போதும்னு சொல்லிடுங்க சார்" என்று தையற்காரர் பதில் சொல்லியிருந்தார்.

விசாரணைக்கு அவரைத்தான் முதலில் கூப்பிட்டோம்.

"நேத்து மதியம் சாப்பிட்டியா?"

"இல்லைங்கய்யா."

"ஒத்துக்கிட்டார்னு எழுதிக்குங்க" என்றார் கண்காணிப்பாளர். எழுதிக்கொண்டேன்.

"சாப்பாடு வரலைங்கய்யா."

"பதிவேட்டுல வந்திருக்கே?"

"பதிவேட்டுக்கு வந்திருக்கும்ங்கய்யா. எங்களுக்கு வரலை."

"பசிச்சுதா?"

"ரொம்பப் பசிச்சுதுங்கய்யா."

"பசி இருந்தும் சாப்பிடலை. இதுக்குப் பேரு என்னய்யா?"

தையற்காரர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தையை அடித்தால் போதும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. நான் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

உண்ணாவிரதத்தைக் கருணையோடு முடித்துவைக்க வேண்டும் அல்லவா? பழரசம் வரவழைத்தோம், ஒரே ஒரு டம்ளர். கண்காணிப்பாளர் அதைத் தையற்காரரின் உதட்டருகே பிடித்துக்கொண்டு புன்னகைத்தார். படம் எடுத்ததும் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். தையற்காரர் உதட்டை நக்கிக்கொண்டு போனார்.

மறுக்கப்பட்ட உணவை உடனடியாக 'அப்புறப்படுத்த' வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. கிடங்கில் நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள் இருந்தன. அந்தச் சுமையை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். கண்காணிப்பாளர் ஐம்பதை அப்புறப்படுத்தினார். சமையற்காரர் தம் பங்கைப் பெற்றுக்கொண்டதும் அடுப்பைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார். என் பங்கு இரண்டு டஜன். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் முழு ஒத்துழைப்பு நல்கினார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தையற்காரரின் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். கையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று. விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"இன்னும் முப்பது நாள் ஆகும்மா."

"ஏன் சார்?"

"சாப்பாட்டை வேண்டாம்னுட்டார்."

அந்த அம்மா சிரித்தேவிட்டார். "அவரா? சோறு வேகுறதுக்குள்ள நாலு தடவை அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்ப்பாரு சார். வேற யாரையோ சொல்றீங்க."

நான் வாயால் வாதாடுகிறவன் அல்ல. பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவர் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"முட்டை நூத்திப் பன்னிரண்டுன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"அவங்க ஒருத்தரும் சாப்பிடலை."

"ஆமாம்மா."

"அப்போ யாரு சாப்பிட்டாங்கன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க சார்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கங்களைப் புரட்டுவதுபோல் புரட்டினேன். வழங்கியவர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது, மறுத்தவர் பெயருக்கு இடம் இருக்கிறது. தின்றவர் பெயருக்கு மட்டும் எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது. இருந்திருந்தால், அடித்தல் திருத்தல் இல்லாமல் அதில் என் பெயரை நானே எழுதியிருக்க வேண்டும்.